வந்திருந்தால்…
ஸ்பானிய நிபந்தனை வாக்கியமும் பெங்களூர்த் தமிழர் காதும்

(பெங்களூரில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தமிழ் மேடையில் ஸ்பானிய இலக்கணத்துக்கு என்ன வேலை என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர் கேட்டார். அதற்கு விடை சொல்லும் முன் ஒரு தமிழ் வாக்கியத்தைச் சொல்கிறேன். "நேற்று அவன் வந்திருந்தால் சாவியைக் கொடுத்திருப்பான்."

இதற்கு என்ன பொருள்? ஒரு பாட்டி இப்படிச் சொல்லிவிட்டு, "பக்கத்து வீட்டில் போய்க் கேள்" என்று சேர்த்தால், அவன் வந்தானா இல்லையா என்று அவருக்கே தெரியாது. வந்திருக்கலாம், சாவியும் கொடுத்திருக்கலாம். அதே பாட்டி அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, "எங்கே வந்தான்?" என்று பெருமூச்சு விட்டால் கதையே வேறு. அவன் வரவில்லை, சாவியும் வரவில்லை. இரண்டுக்கும் எழுத்து ஒன்று, வினைமுற்று ஒன்று. பேச்சில் நாம் ஏமாறுவதில்லை, ஏனென்றால் இரண்டாவது பொருளில் நாக்கு தானாகவே ஓர் ஏகாரத்தைச் சேர்த்துவிடும்: "வந்திருந்தா கொடுத்திருப்பானே!" தொல்காப்பியர் ஏகாரத்துக்குச் சொன்ன ஐந்து பொருள்களில் தேற்றமும் ஒன்று. அந்தத் தேற்ற ஏகாரம்தான் இங்கே "அது நடக்கவில்லை" என்று கதவைச் சாத்துகிறது. வினைச்சொல்லுக்குள் இருக்க வேண்டிய வேலையை வாலில் ஓர் எழுத்து செய்துவிடுகிறது.

ஸ்பானியத்தில் இந்தச் சலுகை கிடையாது. பாட்டிக்குத் தெரியாது என்றால் "சி வீனோ அயேர், அவ்ரா தெஹாதோ லா யாவே". அவன் வரவில்லை என்று தெரிந்தால் "சி உவியேரா வெனீதோ அயேர், அவ்ரீயா தெஹாதோ லா யாவே". முன்பாதியும் மாறுகிறது, பின்பாதியும் மாறுகிறது. வாயைத் திறக்கும்போதே, நான் சொல்லும் நிபந்தனையை நான் நம்புகிறேனா இல்லையா என்று பேசுபவர் முடிவு செய்தாக வேண்டும். (போகிற போக்கில் ஒன்று: போர்ச்சுக்கீசியர் நமக்குத் தந்த "சாவி"யும் ஸ்பானியரின் "யாவே"யும் ஒரே இலத்தீன் தாயின் பிள்ளைகள்.)

இனி நண்பருக்கு விடை. சுமார் 50 கோடிப் பேரின் தாய்மொழி ஸ்பானியம். தென்னமெரிக்க வாடிக்கையாளரோடு பேசும் மென்பொருள் நிறுவனங்களும் சேவை மையங்களும் இந்த ஊரில் இருக்கின்றன. 2024 அக்டோபரில் ஸ்பெயின் பிரதமர் பேத்ரோ சாஞ்செஸ் இந்தியா வந்தபோது, பெங்களூரில் துணைத் தூதரகம் திறப்பது என்ற ஸ்பெயினின் முடிவை இரு நாட்டுக் கூட்டறிக்கை வரவேற்றது. கோரமங்களாவிலும் இந்திராநகரிலும் மாலை வகுப்புகளில் உட்காரும் பிள்ளைகளில் நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. முதல் ஆண்டு உற்சாகமாகப் போகும். நிகழ்காலம், இறந்தகாலம், உணவகத்தில் காப்பி கேட்பது எல்லாம் வந்துவிடும். நிபந்தனை வாக்கியம் வரும் இடத்தில் வண்டி நிற்கும். ஏதோ மந்திரம் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதி மறந்துவிடுவார்கள். அப்படி மறக்கத் தேவையில்லை என்பதுதான் இன்று நான் சொல்ல வந்தது. பெங்களூர்த் தமிழர் காதில் இதற்கான பாதி விடை தமிழாகவும் மீதி கன்னடமாகவும் ஏற்கெனவே கிடக்கிறது. பாடநூல்தான் இரண்டையும் தொடாமல் ஆங்கிலம் வழியாகச் சுற்றிப் போகிறது.

முதலில் ஸ்பானியத்தின் மூன்று படிகள். வா, போ என்ற எளிய வினைகளையே எடுத்துக்கொள்வோம். "சி வியேனெஸ், வோய்": நீ வந்தால் நான் போவேன். நீ வரக்கூடும், வாசல் திறந்திருக்கிறது. "சி வினியேராஸ், இரீயா": நீ வந்தால் நான் போவேன், ஆனால் நீ வருவாய் என்று எனக்குத் தோன்றவில்லை. "சி உவியேராஸ் வெனீதோ, அவ்ரீயா இதோ": நீ வந்திருந்தால் நான் போயிருப்பேன். நீ வரவில்லை, நானும் போகவில்லை, காலமும் கடந்துவிட்டது.

இதில் முதல் படியும் இரண்டாம் படியும் தமிழில் ஒன்றாகவே ஒலிப்பதைக் கவனித்தீர்களா? "கையில் ஒரு கோடி இருந்தால் இந்திராநகரில் வீடு வாங்குவேன்." இதை நகைக்கடை முதலாளி சொன்னாலும், அவரை இறக்கிவிட்ட ஆட்டோ ஓட்டுநர் சொன்னாலும் வாக்கியம் ஒன்றுதான். முதலாளிக்கு அது திட்டம், ஓட்டுநருக்கு அது கனவு. தமிழ் அந்த வேறுபாட்டைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டு நகர்கிறது. ஸ்பானியம் முதலாளியைத் "தெங்கோ" என்றும் ஓட்டுநரைத் "துவியேரா" என்றும் சொல்ல வைக்கும். நம் பிள்ளைகள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

ஆங்கிலம் வழியாகப் போனால் என்ன ஆகிறது? ஆங்கிலத்தில் "இஃப் ஐ ஹாட் மணி" என்கிறோம். அந்த "ஹாட்" வெறும் இறந்தகாலம் போலவே இருக்கிறது. பிள்ளை அதை நம்பி ஸ்பானியத்தின் சாதாரண இறந்தகாலத்தை எடுத்து "சி தெனீயா தினேரோ" என்று எழுதுகிறது. அடுத்து "வுட்". நம் ஊர் ஆங்கிலத்தில் "இஃப் யூ வுட் ஹாவ் டோல்ட் மீ" என்பது காதுக்குப் பழகிய பேச்சு. அதை அப்படியே பெயர்த்து "சி அவ்ரீயா" என்று தொடங்குவார்கள். அதோடு, சின்ன வயதில் மெரினாவுக்குப் போவோம் என்ற பழக்கத்துக்கும் ஆங்கிலம் "வுட்" போடும். அங்கேயும் பிள்ளை நிபந்தனை வடிவத்தை இட்டு, போன காலத்தைக் கற்பனையாக்கிவிடும். ஒரே ஆங்கிலச் சொல் இரண்டு இடத்தில் குழி பறிக்கிறது. ஆங்கிலத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் தன் பழைய விழைவு வடிவங்களைப் பெரும்பாலும் தொலைத்துவிட்ட ஒரு மொழியைக் கொண்டு, அவற்றைக் கட்டிக்காக்கும் ஒரு மொழியைக் கற்பிப்பது விசித்திரம்.

இப்போது தமிழுக்கு வருகிறேன். தொல்காப்பியம் சொல்லும் வினையெச்ச வாய்பாடுகள் ஒன்பதில் "செயின்" ஒன்று. நன்னூல் பன்னிரண்டு சொல்கிறது, அதிலும் "செயின்" உண்டு. "மழை பெய்யின் குளம் நிறையும்" என்று பள்ளியில் படித்த எடுத்துக்காட்டு உங்களுக்கு நினைவிருக்கும். பவணந்தி முனிவர் செயினை எதிர்கால எச்சம் என்று வகுத்தார். அவரை நூல் செய்யச் சொன்ன சீயகங்கன் குவளாலபுரத்துக் கங்கன். குவளாலபுரம் என்றால் இன்றைய கோலார்தான். ஆகவே நன்னூலுக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு கொஞ்சம் பழையது. பெங்களூரில் தமிழ் இலக்கணம் பேச யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிற்காலத்தில் "செயின்" ஏட்டோடு நின்றது, "செய்தால்" வாயைப் பிடித்துக்கொண்டது. இந்தச் செய்தாலை உற்றுப் பாருங்கள். நடுவில் நிற்கும் தகரம் இறந்தகால இடைநிலை. நாளைக்கு நடக்கப் போவதைச் சொல்ல ஏன் இறந்தகாலம்? "நாளைக்கு வந்தால்" என்கிறோமே, நாளை எப்படி "வந்த" ஆகும்? ஸ்பானியத்தின் "வினியேராஸ்" உள்ளேயும் இதே விசித்திரம் உண்டு. அதன் ராகார ஈறு இலத்தீனில் கடந்ததற்கும் கடந்த காலத்தைக் குறித்த வடிவத்திலிருந்து வந்தது. எம்ஐடியில் பணியாற்றும் கிரேக்க மொழியியலாளர் சபீன் யாட்ரிடு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறையில் பெரிதும் பேசப்பட்டது. ஒன்றுக்கொன்று உறவில்லாத பல மொழிகள் நடக்காததைச் சொல்ல இறந்தகால உருவை எடுத்துக்கொள்வதை அவர் ஆராய்ந்தார். இறந்தகாலம் என்பது இப்போதிலிருந்து விலகி நிற்பது. நடக்காதது என்பது உண்மையிலிருந்து விலகி நிற்பது. விலகலைக் காட்ட மொழிகளிடம் இருப்பது ஒரே கருவி போலிருக்கிறது. அந்தக் கருவி தமிழர் கையில் அன்றாடம் புழங்குகிறது, நாம்தான் கவனிப்பதில்லை.

சங்கத் தமிழில் இன்னும் நுட்பமான கருவிகள் இருந்தன. "தில்" என்ற இடைச்சொல் விழைவைக் காட்டும். "மன்" என்ற இடைச்சொல் கழிந்துபோனதைக் காட்டும். இரண்டுக்கும் தொல்காப்பியர் பொதுவாகச் சொன்ன ஒரு பொருள் "ஒழியிசை": சொல்லாமல் விட்ட மிச்சத்தைக் கேட்பவர் காதில் ஒலிக்கச் செய்வது. "எங்கப்பா மட்டும் இருந்திருந்தால்…" என்று ஒருவர் நிறுத்தினால் மிச்சத்தை நாம் கேட்கிறோம் இல்லையா? ஸ்பானியரும் "சி யோ துவியேரா…" என்று நிறுத்திவிட்டுத் தோளைக் குலுக்குவார்கள். வள்ளுவரிடம் வேறொரு சேர்க்கை உண்டு. இரத்தல் பற்றிய கடுங்கோபக் குறள் ஒன்றில், பிச்சை எடுத்துத்தான் உயிர் வாழ வேண்டும் என்றால் உலகைப் படைத்தவனே கெட்டலையட்டும் என்கிறார். முன்பாதி செயின் எச்சம், பின்பாதி வியங்கோள். ஸ்பானிய மாணவர்கள் "சுப்ஹுந்தீவோ" என்ற விழைவு வடிவத்தின் பெயரைக் கேட்டதும் மிரள்கிறார்களே, வாழ்த்திலும் சாபத்திலும் அதன் வேலை நம் வியங்கோளின் வேலைதான். அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டுகள் மூடியே நின்று 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட வள்ளுவர் சிலையைக் கடந்து வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க யாராவது வேண்டாமா?

ஆனாலும் தமிழ் முழு விடை தராது. பாட்டியின் சாவி வாக்கியத்தில் எழுத்துத் தமிழ் கைவிட்டதைப் பார்த்தோம். இங்கேதான் கன்னடம்.

அதே வாக்கியத்தைப் பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி சொல்லட்டும். தெரியாது என்றால்: "நென்னெ பந்தித்ரெ கீ கொட்டிருத்தானெ." வரவில்லை என்றால்: "நென்னெ பந்தித்ரெ கீ கொட்டிருத்தித்த." முன்பாதி இரண்டிலும் ஒன்றே. ஆனால் "ருத்தானெ" எங்கே, "ருத்தித்த" எங்கே! தமிழில் ஏகாரமும் பெருமூச்சும் செய்ய வேண்டியிருந்ததைக் கன்னட வினைமுற்று தானே செய்துவிடுகிறது. அல்சூரிலும் பிரேசர் டவுனிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை இதைத் தெருவில் கிரிக்கெட் ஆடும்போதே கற்றுக்கொண்டிருக்கும். "நீனு ஹேளித்ரெ நானூ பருத்தித்தெ" (நீ சொல்லியிருந்தால் நானும் வந்திருப்பேன்) என்று சொல்லத் தெரியாத பெங்களூர்ப் பிள்ளை குறைவு.

இந்தப் "பருத்தித்தெ"யில்தான் என் உரையின் உயிர் இருக்கிறது. தனியாக நின்றால் அதற்கு "வந்துகொண்டிருந்தேன்", "வழக்கமாக வருவேன்" என்று பொருள். நிபந்தனைக்குப் பின்னால் நின்றால் "வந்திருப்பேன், ஆனால் வரவில்லை" என்று ஆகிவிடும். தெலுங்கிலும் இதே கதை: பழக்கத்தைச் சொல்லும் "வெள்ளேவாடினி" நடக்காததையும் சொல்லும். ஸ்பானியப் பேச்சு வழக்கைக் கேளுங்கள். "சி துவியேரா தினேரோ, மே கொம்ப்ராவா உனா காசா": பணம் இருந்தால் வீடு வாங்குவேன். இலக்கண நூல் "கொம்ப்ரரீயா" என்று எழுதச் சொல்லும் இடத்தில், பேசுபவர் "வாங்கிக்கொண்டிருந்தேன்" என்று பொருள்படும் "கொம்ப்ராவா"வை வைத்துவிடுகிறார். மைசூரு சாலையும் மத்ரீத் தெருவும் ஒரே வழியில் போகின்றன.

ஏட்டு வடிவமான "கொம்ப்ரரீயா"வைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இதுவே இருக்கிறது. அது "வாங்க" என்ற எச்சத்தோடு "உடைத்தாயிருந்தேன்" என்ற தொடரிறந்தகாலம் ஒட்டிய கூட்டுச்சொல். அந்தோனியோ தெ நெப்ரிஹா 1492இல் சாலமாங்காவில் வெளியிட்ட காஸ்தீய மொழி இலக்கணத்திலேயே இந்த ஒட்டைக் கண்டு சொல்லிவிட்டார். கராக்காசில் பிறந்து சிலியில் வாழ்ந்த ஆந்திரேஸ் பேயோ, அமெரிக்கக் கண்டத்தார் பயன்பாட்டுக்கென்று 1847இல் எழுதிய இலக்கணத்தில் இதற்குப் "பின்னிறந்தகாலம்" என்று பொருள்படும் பெயர் வைத்தார். இறந்தகாலத்தில் நின்று பார்த்தால் தெரியும் எதிர்காலம் என்பது அவர் கருத்து. ஸ்பானிய அரச மொழிக் கழகமோ இதைத் தனி வினைநோக்கு என்று பல காலம் சொல்லிவந்து, 1973இல்தான் சாதாரணக் காலங்களின் வரிசையில் சேர்த்தது. ஒரு வினைவடிவம் காலமா வினைநோக்கா என்று கழகமே இவ்வளவு காலம் தயங்கியது என்றால், மாலை வகுப்புப் பிள்ளை தயங்குவதில் என்ன குற்றம்?

ஐபீரிய இலக்கணமும் தமிழ் வினையும் முன்பே ஒருமுறை நேருக்கு நேர் மோதியிருக்கின்றன. போர்ச்சுக்கல்லிலிருந்து 1546இல் இந்தியா வந்த ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற சேசு சபைத் துறவி, முத்துக்குளித்துறைப் பரதவரிடம் தமிழ் கற்று, 1549ஐ ஒட்டித் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் எழுதிய முதல் தமிழ் இலக்கணம் அது. 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கமும் அவர் கைவண்ணமே. இலத்தீன் வினைகளுக்கு இருந்த அறுதி, ஏவல், விழைவு, சார்பு என்ற பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்து, நம் வினைகளை அவற்றில் அடுக்கப் பார்த்தார். கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் கிடந்தது; 1982இல் அதை ஹான்ஸ் ஃபெர்மேர் பதிப்பித்தார். ஜீன் ஹைனும் வி.எஸ். ராஜமும் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வர்டு வரிசையில் வந்தது. பெட்டி பொருந்தவில்லை என்று ஹென்ரிக்கஸைக் குறை சொல்வது சுலபம். எனக்கு அவரிடம் மரியாதைதான். அவர் தன் மொழியிலிருந்து நம் மொழிக்கு நேராகப் பாலம் போட்டார். இன்று நாம் ஸ்பானியம் படிக்க லண்டன் வழியாகப் போகிறோம்.

தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் ஒழுங்காகப் பேசுகிறார்களா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. "சி"க்குப் பின்னால் ரீயா வடிவம் வரக்கூடாது என்பது ஸ்பானிய ஆசிரியர்கள் உயிரைக் கொடுத்துக் காக்கும் விதி. ஆனால் பாஸ்க் நாட்டிலும் நவார்ராவிலும் புர்கோசிலும் "சி தெந்த்ரீயா" என்று மக்கள் கூசாமல் சொல்கிறார்கள். 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் பிறந்த மண் நவார்ரா. மூன்றாம் படியில் இரண்டு பக்கமும் "உவியேரா" போடுவதைக் கழகமே ஏற்றுக்கொண்டது. "துவியேரே" என்ற எதிர்கால விழைவு வடிவமோ பேச்சில் செத்து, சட்டப் புத்தகத்தில் மட்டும் மூச்சு விடுகிறது. நம் "செயின்" பத்திரப்பதிவுத் தமிழில் "தவறின்" என்று உட்கார்ந்திருப்பது போலத்தான்.

இன்னொரு மொழியையும் சொல்லாமல் விட்டால் சிவாஜிநகர் என்னை மன்னிக்காது. அங்கே எந்தக் கடையில் நாளைய வேலையைப் பேசினாலும் "இன்ஷா அல்லா" என்பார்கள். அரபு மொழியில் நடக்கக்கூடியதற்கு ஓர் "என்றால்", நடக்காததற்கு வேறோர் "என்றால்". "இன்" முதலாவது, "லவ்" இரண்டாவது. 711இல் ஐபீரியாவுக்குள் வந்து 1492 சனவரியில் கிரனாதாவோடு ஆட்சி இழந்த அரபியர், "லவ் ஷா அல்லா" என்ற தொடரை அங்கே விட்டுப்போனார்கள். அது தேய்ந்து "ஓஹாலா" ஆனது. இன்றைய ஸ்பானியத்தில் விழைவின் மூன்று படிகளையும் இந்த ஒரு சொல் ஏறுகிறது. "ஓஹாலா வெங்கா": வரட்டும், வருவான். "ஓஹாலா வினியேரா": வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், வரமாட்டானோ என்னவோ. "ஓஹாலா உவியேரா வெனீதோ": வந்திருக்கக் கூடாதா! என் வகுப்பில் நிபந்தனையை "சி"யில் தொடங்குவதைவிட ஓஹாலாவில் தொடங்குவதையே விரும்புவேன். ஒரு பாதிதான் இருக்கிறது, வினையும் ஒன்றுதான், ஆசையில் தவறு செய்ய யாரும் அஞ்சுவதில்லை.

பெங்களூர்ப் பிள்ளைக்குப் பாடம் எழுதினால் எப்படி எழுதுவது? தமிழிடமிருந்து காலத்தை வாங்க வேண்டும். கன்னடப் பேச்சில் "ரெக்கெ இத்தித்ரெ ஹாருத்தித்தெ" (சிறகிருந்தால் பறப்பேன்) என்றால், இப்போது சிறகில்லை என்பதற்கும் அன்று சிறகில்லை என்பதற்கும் பெரும்பாலும் அதே வாக்கியம்தான். தமிழ் அங்கே பிடிகொடுக்கும்: "இருந்தால் பறப்பேன்", "இருந்திருந்தால் பறந்திருப்பேன்". துவியேராவுக்கும் உவியேரா தெனீதோவுக்கும் உள்ள இடைவெளி அப்படியே இதுதான். கன்னடத்திடமிருந்து உண்மையின்மையை வாங்க வேண்டும்: "கொட்டிருத்தானெ" என்றால் அவ்ரா, "கொட்டிருத்தித்த" என்றால் அவ்ரீயா. ஒரு வாக்கியத்தை இரண்டு மொழியிலும் சொல்லிப் பார்த்துவிட்டு மூன்றாவதை எழுதச் சொன்னால், வீட்டில் ஒரு மொழியும் தெருவில் இன்னொன்றும் பேசும் பிள்ளை தடுமாற வாய்ப்புக் குறைவு. இதற்குத் தமிழ், கன்னட ஆசிரியர்கள் ஸ்பானிய ஆசிரியரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். இந்த ஊரில் அது நடக்கக் கூடியதே. ஸ்பானியத்தில் சொன்னால் அதற்கு "துவியேரா" வேண்டாம், "தெங்கோ" போதும்.

ஒன்று மட்டும் எந்தப் பாடத்திலும் அடங்காது. பாட்டியின் அந்த ஏகாரம். "சொல்லியிருந்தா வந்திருப்பேனே" என்பதில் வராததும் இருக்கிறது, சொல்லாதவர் மேல் ஒரு செல்லக் கோபமும் இருக்கிறது. அவ்ரீயா முதலாவதைத்தான் சொல்லும். இரண்டாவதை ஸ்பானியப் பிள்ளைகள் நம்மிடம் கற்க வந்தால் நாம் எதைக் கொண்டு விளக்குவோம் என்பதை அறிஞர்கள் இருக்கும் இந்த அவையிலேயே விட்டுவிடுகிறேன்.